ஓசியா நூலிற் பிளவுண்ட நெஞ்சம்

எபிரேயத் தீர்க்கதரிசிகளைச் சமூக அநீதிக்கெதிரான குரல்களாகக் காணும் போக்கு முற்போக்கு வாசகரிடையே நெடுநாளாக உண்டு. வறியவரை விற்று வாழ்ந்தோரைக் கண்டித்த ஆமோஸ் இவ்வகையில் எளிதாக நம்மவராகிவிடுகிறார். அவரையடுத்துப் பேசிய ஓசியா அவ்வாறு வசப்படுபவரல்லர். அவரது நூலில் முதன்மை பெறுவது வறியவரின் துயரன்று; சிலை வணக்கமே. அதனால் அந்நூலைச் சமயவாதிகளின் பொறுப்பில் விட்டு நாம் அப்பாற் சென்றுவிடுகிறோம். இது பொருந்தாது என்பதே எமது கருத்து.

ஓசியாவின் களம் வட இஸ்ரவேல் அரசு, காலம் கி. மு. எட்டாம் நூற்றாண்டின் நடுக்கூறும் அதனையடுத்த ஆண்டுகளும். இரண்டாம் எரொபெயாமின் நீண்ட ஆட்சியிற் செழித்த அரசு, அவன் மறைவின் பின் அரசுக் கொலைகளாற் சிதைந்து, கி. மு. 722 அளவில் அசீரியரிடம் வீழ்ந்தது. அதன் தலைநகராகிய சமாரியாவில் 1910இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஓட்டுச் சாசனங்கள் ஈண்டு நமக்குப் பெரிதும் துணைசெய்வன. சுற்றுப்புற ஊர்களிலிருந்து வந்த பழைய திராட்சரசமும் உயர்தர எண்ணெயும் அவற்றிற் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றிலுள்ள ஆட்பெயர்களுட் சில யாவே என்னும் தெய்வப் பெயரையும், வேறு சில பாகால் என்னும் சொல்லையும் தாங்கியவை. சீனாய்ப் பாலையிலுள்ள குந்தில்லத் அஜ்ருதில் 1975, 1976ஆம் ஆண்டுகளிற் கண்டெடுக்கப்பட்ட எழுத்துகள் சமாரியாவின் யாவேயையும் அவரது அசேராவையும் ஒருங்கே சுட்டுகின்றன. அசேரா பெண் தெய்வமா, வழிபாட்டுச் சின்னமா என்பதில் அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. எவ்வாறாயினும், அம்மக்கள் தம் பக்தி இரண்டாகப் பிளவுண்டது என உணர்ந்திருந்தனர் எனக் கொள்வதற்கில்லை. பிளவு என்று அதனைப் பெயரிட்டவர் தீர்க்கதரிசியே.

அவர் அவ்வாறு பெயரிட்டமைக்குக் காரணம் யாது? பாகால் மழைக்கும் விளைச்சலுக்கும் உரிய தெய்வம் என்பதை 1929 முதல் ராஸ் ஷம்ராவில் வெளிப்பட்ட உகரித்துப் பனுவல்கள் தெளிவாக்கின. ஓசியாவின் இரண்டாம் அதிகாரத்து வழக்கும் இதைப் பற்றியதே: தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் யாரால் வந்தன? ஓட்டுச் சாசனங்கள் கணக்கிடும் பண்டங்களுள் இரண்டு இப்பட்டியலில் உள்ளன என்பது நோக்கற்பாலது. பத்தாம் அதிகாரம் விளைச்சல் பெருகப் பெருகப் பலிபீடங்களும் பெருகின என்று கூறி, நெஞ்சத்தின் நிலையைச் சுட்டுகின்றது. அங்கு வரும் எபிரேய வினைக்குப் பிளவுறுதல் என்றும், வழுவழுப்பாதல் அதாவது வஞ்சகமாதல் என்றும் இரு பொருள் உண்டு. மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும், நாம் தேரவேண்டியதில்லை. பன்னிரண்டாம் அதிகாரத்தில் அசீரியாவோடு உடன்படிக்கை செய்துகொண்டே எகிப்துக்கு எண்ணெய் அனுப்பும் அரசியலும், கள்ளத் தராசு ஏந்திய வணிகனும் அருகருகே வருகின்றனர். பீடத்துக்கும் தலைநகருக்கும் அந்நிய அரசுக்கும் சென்றது உழவர் பிழிந்த எண்ணெயே.

கைவினைஞன் செய்தது கடவுளாகாது என்னும் ஏளனத்தை ஏசாயா நூலின் 44ஆம் அதிகாரம் விரித்துரைக்கும். மரத்தின் பாதியை எரித்து அப்பம் சுட்டவன் மறுபாதியை வணங்குகிறான். 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதற்பாகத்தில், பண்டங்களின் மாயத்தன்மையை விளக்க மார்க்ஸ் சமய உலகிலிருந்தே ஒப்புமை தேடினார் என்பதை இதனோடு பொருத்திக் காட்டுவது நம்மவர் வழக்கம். ஒப்புமை பொருந்துவதே. எனினும் மரவேலைக்காரனை நகைப்பதோடு ஏசாயாவின் அப்பகுதி நின்றுவிடுகின்றது. ஓசியாவோ பொன்னும் வெள்ளியும் எவருடையவை என வினவுகிறார். எட்டாம் அதிகாரத்தில் அரசரை ஏற்படுத்தியதையும் சிலைகளை ஆக்கியதையும் ஒரே மூச்சிற் குற்றஞ்சாட்டுகிறார். எமது நோக்கில் இதுவே கூரிய விமர்சனம்.

ஆயின் ஓசியாவை முழுமையாக நம்மவராக்கிக்கொள்ள அவரது உருவகம் இடந்தராது. இஸ்ரவேல் கணவனைக் கைவிட்ட மனைவியாக உருவகிக்கப்படுகின்றது. அப்பெண்ணுருவம் உண்மையிற் குறிப்பது ஆளும் ஆடவர் குழுவையே எனக் கேல் யீ 2003இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவ்விளக்கம் ஏற்புடையது, எனினும் உருவகத்தின் வன்மையை அது நீக்கிவிடாது. ஆடவரின் குற்றத்துக்குப் பெண்ணுடல் அல்லவா ஆடை உரியப்படுகின்றது!

பாகால் என்னும் சொல்லுக்குத் தலைவன், உடைமையாளன், கணவன் ஆகிய பொருள்கள் உண்டு. தமிழில் நாயகன் என்பதும் தலைவனையும் கணவனையும் ஒருங்கே சுட்டுவதே. இனி என்னைப் பாகாலி என்னாது ஈஷி என அழைப்பாய் என்று யாவே கூறுவதாக இரண்டாம் அதிகாரத்தில் வருகின்றது. தமிழ் வேதாகமத்தில் இவ்விரு சொற்களும் ஒலிபெயர்ப்பாகவே நிற்பதால், உடைமையாளனுக்கும் வாழ்க்கைத் துணைவனுக்கும் இடைப்பட்ட இவ்வேறுபாடு வாசகருக்குப் புலப்படுவதில்லை. உடைமையாளன் என்ற பெயரைக் களைய முனைந்தமை எளிய செயலன்று. ஆனால் அதே அதிகாரத்தில் அக்கணவன் தானியத்தையும் ஆட்டுமயிரையும் சணலையும் திரும்பப் பறித்துக்கொள்வதாக அச்சுறுத்துகிறான். அப்பெண் பேசும் சொற்களும் அவன் அவள் வாயில் இட்டவையே. அடுத்த அதிகாரத்தில் ஒரு பெண் விலைக்குப் பெறப்படுகிறாள். விலை பதினைந்து வெள்ளிக்காசும் ஓரளவு வாற்கோதுமையும்.