அந்த 'ஓராள்' யார்?

மலையேறிகளுக்கான கூடாரங்களைப் பற்றி எழுதப்படும் மதிப்புரைகள் ஒரு தனி இலக்கிய வகை. அவற்றுக்கென்று ஒரு நடை உண்டு, ஒரு கதைசொல்லி உண்டு, மனதில் வைத்து எழுதப்படும் ஒரு வாசகரும் உண்டு. ஸ்காட்லாந்தில் ஆய்வுக்காகத் தங்கியிருந்த ஓராண்டில், கெய்ர்ன்கார்ம் மலைகளில் எல்லாப் பருவத்திலும் தனியாக இரவு தங்குவதற்கு எடை குறைந்த கூடாரம் ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. அதற்காக இவற்றைத் தேடித்தேடிப் படித்தேன். தமிழ் கற்பிப்பவள் என்பதால் பழைய உரைகளைப் படிக்கும் பழக்கத்திலேயே படித்தேன். எந்தச் சொல்லுக்கு விளக்கம் தருகிறார்கள், எந்தச் சொல்லை விளக்கம் வேண்டாம் என்று தாண்டிப் போகிறார்கள்? கிராமுக்கு விளக்கம் உண்டு. துணியின் டெனியருக்கும் உண்டு. 'ஓராள் கூடாரம்' என்பதில் உள்ள 'ஓராள்' என்ற சொல்லுக்கு மட்டும் இல்லை.

கெய்ர்ன்கார்ம் மலைகளில் உயரம் பெரிய அச்சுறுத்தல் இல்லை. அங்குள்ள மிக உயர்ந்த சிகரமான பென் மக்டூயி 1,309 மீட்டர்தான். காற்றும் பனியும்தான் கொல்லும். 1986 மார்ச்சில் கெய்ர்ன்கார்ம் உச்சியில் மணிக்கு சுமார் 278 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. 1971 நவம்பரில் அந்தப் பீடபூமியில் பனிப்புயலில் சிக்கி ஐந்து பள்ளி மாணவர்களும் ஓர் இளம் பயிற்சி வழிகாட்டியும் இறந்தார்கள். ஆனால் அங்கே இரவு தங்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், திறந்த மலைவெளியில் பொறுப்போடு நடக்கவும் கூடாரமடித்துத் தங்கவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. சட்டம் 'எல்லோரும்' என்கிறது, சந்தை 'ஓராள்' என்கிறது. இந்த இரண்டு பொதுச்சொற்களுக்கு நடுவே ஒரு பெண் எங்கே படுத்துத் தூங்குவது என்பதே என் கேள்வி.

இந்த மதிப்புரைகளின் மைய அறம் எடைக்குறைப்பு. ஒரு கிலோவுக்குள் அடங்கும் கூடாரம் வீரம், இரண்டரைக் கிலோ கூடாரம் மூடத்தனம். அந்த இலகு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். துணியை மெலிதாக்குகிறார்கள். கழிகளைக் குறைத்து, நடைக்கோலையே தூணாக நிறுத்தச் சொல்கிறார்கள். உள்கூடாரத்தின் துணிச் சுவரை எடுத்துவிட்டுக் கொசுவலையைத் தைக்கிறார்கள். கூரையைத் தாழ்த்துகிறார்கள். கோடையில் இதெல்லாம் சரிதான். குளிர்காலத்தில் வெளித்துணிக்கு அடியில் புகும் பொடிப்பனி வலை வழியாக முகத்தில் வந்து விழும். சரிவு குறைந்த பக்கங்களில் பனி குவிந்து சுவர் உள்ளே அமுங்கும். முளையடித்து இழுத்துக் கட்டினால்தான் நிற்கும் கூடாரத்துக்கு, உறைந்த நிலத்தில் முளையே இறங்காது. இதற்கு மதிப்புரைகள் சொல்லும் தீர்வு எப்போதும் ஒன்றுதான்: வானிலை மோசமென்றால் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள்.

அந்த அறிவுரையில்தான் அந்த 'ஓராள்' யாரென்று தெரிந்தது. பள்ளத்தாக்கு என்றால் சாலை, கார் நிறுத்துமிடம், பீர் பாட்டில்களோடு வந்து தீ மூட்டும் கூட்டம். ஓர் ஆணுக்குப் பள்ளத்தாக்கு பாதுகாப்பு, மலையுச்சி ஆபத்து. தனியாக இருக்கும் பெண்ணுக்கு இந்த வரைபடம் தலைகீழ். பனி பெய்யும் ஜனவரி இரவில், சாலையிலிருந்து நான்கு மணி நேரம் நடந்து ஏறிய இடத்துக்கு யாரும் என்னைத் தேடி வரப்போவதில்லை. அங்கே எனக்கு எதிரி காற்று மட்டும்தான். காற்றுக்கு உள்நோக்கம் கிடையாது. மெல்லிய கூடாரம் என்னைக் கீழே, மனிதர்களுக்கு அருகில் இறக்குகிறது. உறுதியான கூடாரம் மேலே இருக்கவிடுகிறது. அதிகமாகச் சுமக்கும் அந்த ஒரு கிலோவுக்கு நான் வாங்குவது தூரம்.

இலகுச் சுமைக்காரர்கள் தங்கள் முன்னோடியாகக் கொண்டாடும் எம்மா கேட்வுட்டை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். 1955இல், 67ஆம் வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியாக ஒரே பருவத்தில் நடந்து முடித்த முதல் பெண். அவரிடம் கூடாரம் இல்லை. தானே தைத்த ஒரு துணிப்பையும், மழைக்குக் குளியலறைத் திரை ஒன்றும் வைத்திருந்தார். இந்தத் திரையைப் பற்றி வியந்து பேசுகிறவர்கள், அவர் பல்லாண்டுகள் கணவனிடம் அடிவாங்கிய பெண் என்பதை அதே அளவுக்குப் பேசுவதில்லை. பல இரவுகள் அவர் முன்பின் தெரியாதவர்களின் வீடுகளிலும் திண்ணைகளிலும் தங்கினார் என்பதும் அடிக்குறிப்பாகிவிடுகிறது. எல்லாக் கதவுகளும் அவருக்குத் திறக்கவுமில்லை. கையில் சுமை குறைந்தால் அடுத்தவர் கருணையின் மேல் சாய வேண்டியிருக்கிறது. அந்தக் கருணையை நம்ப யாரால் முடியும் என்பதை எடைத்தராசு சொல்லாது.

உடலுக்கு வருவோம். ஸ்லீப்பிங் பேக்குகளைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. தரநிலையில் இரண்டு முக்கிய வெப்பநிலைகள் உண்டு. 'சௌகரியம்' என்ற அளவு சராசரிப் பெண்ணுடலை வைத்துக் கணக்கிடப்படுவது. 'எல்லை' என்ற அளவு, சுருண்டு படுத்த சராசரி ஆணுடலை வைத்து. இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் ஐந்தாறு டிகிரி வித்தியாசம். பல தயாரிப்புகளின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டு விற்கப்படுவது இரண்டாவது எண். முதல் எண்ணை நம்பி வாங்கும் பெண்ணின் பையில் இறகு அதிகம், எடையும் அதிகம். இறகு நனைந்தால் சூடு போய்விடும். ஆகவே மூச்சின் ஈரம் துணியில் உறைந்து மேலே கொட்டாத இரட்டைச் சுவர்க் கூடாரம் அவளுக்கு ஆடம்பரம் ஆகாது. 'கூடாரத்தில் 500 கிராம் குறையுங்கள்' என்று எழுதுகிறவரின் முதுகில் வேறு கணக்கு இருக்கிறது.

அடுத்தது, மதிப்புரைகள் வாய் திறக்காத விஷயம்: சிறுநீர். புயலடிக்கும் இரவில் ஆண் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு படுத்தவாக்கிலேயே திரும்பிக்கொள்வான். பெண்ணுக்கு முழங்காலிட்டு நிமிரக் கூரையில் உயரம் வேண்டும், அல்லது ஜிப்பைத் திறந்ததும் காற்று அடிக்காத, திண்ணை மாதிரி மூடிய ஒரு முன்னிடம் வேண்டும். மாதவிடாய் நாட்களில் இந்தத் தேவை இரட்டிப்பாகும். பேருந்துப் பயணத்துக்கு முன்தினமே தண்ணீரைக் குறைத்துப் பழகிய தலைமுறை நாம். அந்தப் பழக்கம் மலைக்கும் கூடவே வருகிறது. கடுங்குளிரில் உடலின் நீர் குறைந்தால் சோர்வும் குளிரின் தாக்கமும் கூடும். கூரையில் பத்து சென்டிமீட்டர் என்பது ஒரு பெண் போதுமான தண்ணீர் குடிப்பாளா இல்லையா என்ற கேள்வி.

நிறமும் அப்படித்தான். மீட்புக்குழுவின் கண்ணில் படும்படி சிவப்போ மஞ்சளோ வாங்கச் சொல்வார்கள். கண்ணில் படுவது எப்போதும் நன்மை என்று நம்ப ஒரு குறிப்பிட்ட வாழ்க்கை வாழ்ந்திருக்க வேண்டும். மெல்லிய வெளிர்நிறத் துணிக்குள் விளக்கேற்றினால் உடலின் நிழல் வெளியே தெரியும். வர்ஜீனியா உல்ஃப் 1929இல் கேட்ட அறைக்குப் பூட்டு இருந்தது. கூடாரத்துக்கு இருப்பது ஒரு ஜிப்.

இவ்வளவு இருந்தும் ஏன் போக வேண்டும்? குறிஞ்சித் திணைக்கு நம் இலக்கணம் வகுத்த பொழுது கூதிரும் முன்பனியும், யாமமும். குளிர்காலம், நள்ளிரவு, மலை. அந்த இரவில் விலங்கு திரியும் வழியில் நடந்து வருகிறவன் தலைவன். தலைவி காத்திருக்கிறாள், வழியின் கொடுமையை எண்ணி அஞ்சுகிறாள். யாமத்து மலை அவளுக்கு அவன் வரும் பாதையாகவே அறிமுகமாகிறது. அவள் தனியாக அதில் கிடந்து விழித்த இரவைப் பாட நம் மரபில் துறை இல்லை.

அபெர்டீனில் ஆசிரியர் பயிற்சி நிலைய விரிவுரையாளராக இருந்த நான் ஷெப்பர்டு அதைத் தன் மொழியில் எழுதினார். கெய்ர்ன்கார்ம் மலைகளைப் பற்றிய 'தி லிவிங் மவுண்டன்' நூலை இரண்டாம் உலகப்போர் முடியும் காலத்தில் எழுதி, மேசையறையில் வைத்துவிட்டார். அது அச்சானது 1977இல். அதன் பன்னிரண்டு அத்தியாயங்களில் ஒன்று முழுக்க உறக்கத்தைப் பற்றியது. மலையேற்ற ஆண்களின் நூல்களில் உறக்கம் என்பது அடுத்த நாள் ஏற்றத்துக்கான இடைவேளை. ஷெப்பர்டுக்கோ மலையில் தூங்குவதும் விழிப்பதும் மலையை அறியும் வழி. சிகரத்தைத் தொட்டுத் திரும்பும் அவசரம் அவரிடம் இல்லை. அவர் மேலே படுத்துக் கிடந்தது கோடை இரவுகளில். குளிர்கால இரவுக்கும் அந்த உரிமையை நீட்டிக்க எனக்குக் கூடாரம் வேண்டும்.

நான் தேர்ந்தது இரண்டரைக் கிலோவை ஒட்டிய எடை: முளையில்லாமலும் தானே நிற்கும் மூன்று கழிக் குவிமாடம், உள்ளே துணிச்சுவர், மழையில் உள்கூடாரம் நனையாமல் ஒரே முறையில் எழும்பும் அமைப்பு. ஸ்வீடனின் ஹில்லெபெர்க் நிறுவனத்தின் சூலோ. உள்ளும் வெளியும் சேர்ந்தே எழும்பும் கூடாரம் நிறுவனர் போ ஹில்லெபெர்க்கின் யோசனை என்று வரலாறு சொல்லும். தொடக்கக் காலத்தில் ஊசி பிடித்துத் தைத்தவர் அவர் மனைவி ரெனாட்டே. விலை குறைவில்லை. பழையதாக வாங்கியும் கல்லூரிச் சம்பளத்தில் கணிசமாகக் கடித்தது. வெளித்துணிக்குப் பச்சை நிறம் எடுத்தேன், உள்ளே ஒரு பெரிய சிவப்புத் துணியை மடித்து வைத்திருக்கிறேன். எப்போது பார்க்கப்பட வேண்டும் என்பதை முடிவு செய்கிறவள் நான்.

பனிபடர்ந்த மேட்டில் இரவெல்லாம் தனியாக இருந்துவிட்டு, யாருக்கும் காரணம் சொல்லாமல் காலையில் எழுந்து தண்ணீர் சுட வைக்கும் பெண்ணையும் 'ஓராள்' என்ற சொல் கொள்ள வேண்டும். அதற்கு ஒரு கிலோ கூடுதலாகுமென்றால் சுமக்கலாம். இதைவிடக் கனமானவற்றைச் சுமந்து பழகிய முதுகுகள்தான் நம்முடையவை; இந்தச் சுமையாவது நமக்காக.