உறைபெட்டியை எதுவரை நம்பலாம்?

வேட்டைக் கறியைச் சில வாரம் உறைபெட்டியில் வைத்தால் புழுவெல்லாம் செத்துவிடும் என்ற நம்பிக்கை வட அமெரிக்காவில் ஆழமானது. 2022இல் ஒரு குடும்பம், வேட்டைக்கு ஏற்பாடு செய்தவர் சொன்னபடி, கனடாவின் சஸ்காச்சுவானில் வேட்டையாடிய கருங்கரடியின் கறியை 45 நாள் உறையவைத்தது. பிறகு அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் உறவினர் கூடியபோது, அதைக் காய்கறிகளோடு சேர்த்து நெருப்பில் வாட்டினார்கள். கரடிக்கறி இயல்பிலேயே கருமையானது. வெந்ததா வேகவில்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆறு பேருக்கு டிரைக்கினெல்லா என்ற ஒட்டுண்ணி தொற்றியது. அவர்களில் இருவர் கறியைத் தொடவேயில்லை. கூட வெந்த காய்கறியை மட்டும் சாப்பிட்டவர்கள்.

அந்த அறிவுரையை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. பன்றிக்கறியில் வாழும் டிரைக்கினெல்லா இனம் உறைகுளிரில் சாகும். மைனஸ் 15 டிகிரி செல்சியஸில் 20 நாள் என்ற அமெரிக்கக் கணக்கு, அதிகத் தடிப்பில்லாத பன்றிக்கறித் துண்டுகளுக்குச் சரியானதே. பன்றிக்குச் சொன்னதைக் கரடிக்கும் நீட்டியதில்தான் பிழை. வடதுருவப் பகுதியை ஒட்டிய காடுகளில் வாழும் டிரைக்கினெல்லா இனம் குளிருக்குப் பழகிப்போனது. அந்தக் கரடிக்கறியில் நூறு நாளுக்குப் பிறகும் இளம்புழுக்கள் உயிரோடு நெளிந்தன. அவை வயிற்றுக்குள் போனால் குடலில் பெருகும். குஞ்சுகள் இரத்தத்தில் ஏறித் தசைகளில் குடியேறும். காய்ச்சலும் தசைவலியும் வரும், கண்ணைச் சுற்றி வீங்கும். சிலருக்கு இதயமே பாதிக்கப்படும்.

உறையவைப்பதால் கறி கெடாது, பரிசோதனைக்கு அவகாசமும் கிடைக்கும். அந்த அளவில் அது நல்ல வழக்கம். ஆனால் பாக்டீரியாவை அது கொல்வதில்லை, உறங்கத்தான் வைக்கிறது. வேட்டையாடிய விலங்கின் குடல் கிழியாமல் வயிற்றைச் சுத்தம் செய்து, உடலைச் சீக்கிரம் குளிரவைக்காதவரின் அலட்சியத்தை எந்த உறைபெட்டியும் திருத்தாது. கொத்துக்கறியாக அரைத்துவிட்டாலோ, மேலே ஒட்டியிருந்த அழுக்கு உள்ளே எங்கும் பரவிவிடும்.

நம்ப வேண்டியது வெப்பமானியை. துண்டின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். கொழுப்புக் குறைந்த காட்டுக்கறி அந்தச் சூட்டில் வறண்டுவிடும் என்ற முறையீட்டில் நியாயம் உண்டு. அதற்கு அரைவேக்காடு தீர்வாகாது, சமைக்கும் முறையை மாற்றலாம். தோள்கறியையும் கால்கறியையும் நீர்விட்டு மெல்லிய தீயில் பல மணி நேரம் வேகவைத்தால் நார்கள் இளகிக் கறி குழைந்துவிடும். புல் மேயும் மானில் இந்தப் புழு அரிது. பிணமும் தின்னும் கரடியில் சலுகைக்கு இடமில்லை.

வேகவைக்காமலே உண்பது மரபாக இருந்தால்? கனடாவின் நுனாவிக் பகுதியில் இன்யூட் மக்கள் வால்ரஸ் கறியைப் பச்சையாகவும் பதப்படுத்தியும் உண்கிறார்கள். அங்கே அந்த உணவைத் தடை செய்யவில்லை. வேட்டையாடியதும் வால்ரஸின் நாக்கைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். புழு இருந்தால் கறி ஊருக்குள் பங்கிடப்படுவதில்லை. ஜெர்மனியிலும் காட்டுப்பன்றிக்கு இந்தச் சோதனை சட்டப்படி கட்டாயம். கரடி வேட்டைக்குப் பணம் வாங்கி ஆள் கூட்டிப்போகும் இடங்களில், உறையவையுங்கள் என்ற வாய்ச்சொல்லோடு நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன்; தசைத்துண்டைச் சோதிக்கும் ஏற்பாடும் அந்தக் கட்டணத்திலேயே அடங்க வேண்டும்.