புல் தேய்ந்த இடங்கள்: விம்பிள்டன் ஒற்றையர் பட்டமும் ஆட்டப் பாணிகளும்

விம்பிள்டன் மைய ஆட்டக்களத்தின் புகைப்படங்கள் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் போட்டியின் இரண்டாம் வாரத்தில் எடுத்தவையாக இருக்கட்டும்; ஒன்று 1990களுக்குரியது, மற்றது நம் நாளுக்குரியது. பழைய படத்தில், சர்வீஸ் போடும் இடத்திலிருந்து வலையை நோக்கிப் புல் தேய்ந்து, பழுப்பேறிய தடம் ஒன்று போயிருக்கும். புதிய படத்தில் வலையோரம் பச்சை கெடாமல் நிற்கும். பேஸ்லைனை ஒட்டி மட்டும் நீளவாக்கில் மண் தெரியும். சாம்பியன்களின் பட்டியலை ஆண்டுவாரியாக அடுக்குவதைவிட இந்த இரண்டு படங்கள் அதிகம் சொல்கின்றன. பந்தைக் காற்றிலேயே எடுக்க முன்னேறி வருபவர்கள் ஒரு பாணி. பந்து தரையில் பட்டு எழும்வரை பின்னால் நின்று அடிப்பவர்கள் இன்னொரு பாணி. சங்கீதத்தில் பாணிகளைப் பிரித்துச் சொல்கிறோமே, அப்படியே விம்பிள்டன் வரலாற்றையும் சொல்லலாம். ஒவ்வொரு பெரிய சாம்பியனும் தமக்கு முன் கோலோச்சிய பாணிக்குப் பதில் கண்டுபிடித்தவர் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இவ்விரு பாணிகளுக்கிடையிலான வாதம் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே முழுதாக நடந்து முடிந்துவிட்டது என்பது எனக்குத் தீராத வியப்பு. 1877இல், வோர்ப்பிள் ரோட்டில் இருந்த பழைய மைதானத்தில் முதல் போட்டி நடந்தது. கலந்துகொண்டவர்கள் 22 பேர். வென்றவர் ஸ்பென்சர் கோர். மற்றவர்கள் பின்னால் நின்று பந்தைத் திருப்பிக்கொண்டிருக்க, அவர் மட்டும் வலையருகே வந்து காற்றிலேயே பந்தை வெட்டினார். வாலி என்னும் அடி இதுதான். அன்றைய வலை நடுவில் மூன்றேகால் அடி, கம்பங்களில் ஐந்தடி. ஓரமாக அடித்து அவரைத் தாண்டிப்போக எதிராளிக்கு வழியே இல்லை. மறு ஆண்டு பிராங்க் ஹேடோ வந்தார். இலங்கையில் தோட்டத்துரையாக இருந்தவர், விடுப்பில் ஊருக்கு வந்த இடத்தில் போட்டியில் கலந்துகொண்டார். வலையோரம் நின்ற கோரின் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப் போட்டார். லாப் என்னும் அடி அப்படித்தான் பட்டம் வாங்கித் தந்தது. ஒரு செட்டையும் இழக்காமல் வென்ற ஹேடோ இலங்கைக்குத் திரும்பினார். பட்டத்தைக் காக்க மறு ஆண்டு வரவில்லை. வாலிக்கு லாப் என்ற அந்த முதல் கேள்வி பதிலில் அடங்காத எதையும் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை. நுட்பத்தைக் கூட்டினார்கள், வேகத்தைக் கூட்டினார்கள்.

வாலியை ஒரு முறையாக வளர்த்தவர்கள் ரென்ஷா இரட்டையர்கள். வலைமீது சாய்ந்து நிற்காமல், சர்வீஸ் கோட்டருகே நின்று எடுத்ததால் லாபுக்கும் தயாராக இருந்தார்கள். தலைக்கு மேல் வந்த பந்தை ஓங்கி அடித்த ஸ்மாஷ் அவர்கள் பெயராலேயே அறியப்பட்டது. வில்லியம் ரென்ஷா 1881 முதல் 1886 வரை தொடர்ந்து ஆறு முறையும், 1889இல் ஒரு முறையும் வென்றார். 1884 முதல் மூன்று ஆண்டுகள் அவரிடம் இறுதியில் தோற்றவர் ஒரே ஆள், ஹெர்பர்ட் லாஃபோர்டு. பேஸ்லைனில் நின்று கனமான ஃபோர்ஹேண்ட் அடிப்பவர். ரென்ஷா காயத்தால் விலகிய 1887இல் லாஃபோர்டுக்குப் பட்டம் கிடைத்தது.

ரென்ஷாவின் ஏழு பட்டங்களை, 1990களில் கோலோச்சிய சாம்ப்ராஸின் ஏழோடு ஒப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1921 வரை நடப்புச் சாம்பியன் முதல் சுற்றிலிருந்து ஆட வேண்டியதில்லை. மற்றவர்கள் மோதி ஒருவர் மிஞ்சுவார். அவரோடு ஒரே ஓர் ஆட்டம். ரென்ஷா 1882 முதல் 1886 வரை வென்ற ஐந்து பட்டங்களுக்கு ஐந்தே ஆட்டங்கள் ஆடினார். சாம்ப்ராஸுக்கு ஒவ்வொரு பட்டத்துக்கும் ஏழு ஆட்டங்கள். இதனால் ரென்ஷா சிறியவராகிவிட மாட்டார். ஆனால் எண்ணிக்கையை மட்டும் தராசில் வைத்தால் தராசு பொய் சொல்லும். இந்தச் சலுகை 1922இல் ஒழிந்தது. அதே ஆண்டு போட்டி சர்ச் ரோட்டில் உள்ள இன்றைய இடத்துக்கு மாறியது.

பெண்கள் ஒற்றையர் 1884இல் தொடங்கியது. மாட் வாட்சன் இறுதியில் தம் சொந்த அக்காவைத் தோற்கடித்து முதல் பட்டம் பெற்றார். 1887இல் 15 வயதில் வென்ற லாட்டி டாட் பற்றியே தனிக் கட்டுரை எழுதலாம். ஆனால் பாணிகளின் மோதல் என்று பார்த்தால் 1919 இறுதியாட்டத்துக்கு ஈடு எனக்குத் தெரியவில்லை. ஒருபுறம் டோரதியா லாம்பர்ட் சேம்பர்ஸ்: ஏழு முறை சாம்பியன், வயது 40, பேஸ்லைனிலிருந்து அசையாத கட்டுக்கோப்பான ஆட்டம், கணுக்கால்வரை உடை. மறுபுறம் 20 வயது சுஜான் லெங்லென்: கெண்டைக்கால் தெரியும் குட்டைப்பாவாடை, நடனக்காரியின் பாய்ச்சல், காற்றிலேயே பந்தை எடுக்கும் துணிச்சல். சேம்பர்ஸுக்கு வெற்றியைத் தரக்கூடிய புள்ளிகள் இரண்டு வாய்த்தும் நழுவின. 10-8, 4-6, 9-7 என்று லெங்லென் வென்றார். பெண்கள் டென்னிஸ் என்றால் ஓடியாடும் விளையாட்டு என்பதை அன்றைக்கு லண்டன் ஒப்புக்கொண்டது. லெங்லென் ஆறு பட்டங்கள் பெற்றார். அவருக்குப் பின் வந்த அமெரிக்க வீராங்கனை ஹெலன் வில்ஸ் மூடி மறுபடியும் பேஸ்லைனுக்கே அதிகாரத்தைத் திருப்பினார். முகத்தில் சலனம் காட்டாமல் ஆழமாக அடித்துக்கொண்டே இருப்பார். விம்பிள்டனுக்கு ஒன்பது முறை வந்தார். எட்டு முறை வென்றார். இந்த எட்டிலும் முதல் சுற்றிலிருந்து ஆடி வென்றவர் என்பதால், என் கணக்கில் பட்டியலின் உச்சிக்கு அருகே இருக்க வேண்டியவர்.

1920களில் பிரெஞ்சுக்காரர்கள் மூவர் ஆண்கள் பட்டத்தை ஆறு ஆண்டுகள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். போரோத்ரா வலைக்குப் பாய்பவர், லகோஸ்ட் பின்னால் நின்று கணக்குப் போடுபவர். மூன்றாமவரான கோஷே இரண்டுக்கும் நடுவே, பந்து தரையில் பட்ட மறுகணமே எடுக்கும் அரை வாலியில் கை தேர்ந்தவர். 1927இல் காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றிலும் முதல் இரண்டு செட்களை இழந்தபின் எழுந்து வென்றார். பிறகு பிரெட் பெர்ரி 1934 முதல் மூன்று முறை. அடுத்த பிரிட்டிஷ் ஆண் சாம்பியனுக்கு, ஆண்டி மரேக்கு, 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாணி ஒரேயடியாக ஒரு பக்கம் சாய்ந்தது. 1947இல் அரைக்கால் சட்டையோடு வந்து வென்ற முதல் சாம்பியன் ஜாக் கிராமர், பலமான சர்வீஸ், அதன் பின்னாலேயே ஓட்டம், வாலியில் முடிவு என்ற முறையைக் கொள்கையாகவே ஆக்கினார். புல்தரையில் அது நியாயமானதுதான். பழைய புல்லில் பந்து வழுக்கித் தாழ்வாகப் பாயும். எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. தரையை நம்புவதைவிடக் காற்றை நம்புவது புத்திசாலித்தனம். ஆஸ்திரேலியர்கள் இந்த முறையைக் கால் நூற்றாண்டு ஆண்டார்கள்.

அந்த ஆதிக்கத்தின் நடுவே ஒரு விதிவிலக்கு ராமநாதன் கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்து, தந்தை டி.கே. ராமநாதனிடம் பயின்றவர். 1954இல் சிறுவர் பட்டத்தை வென்றார். அன்று இறுதியில் தோற்ற ஆஷ்லி கூப்பர் 1958இல் ஆண்கள் சாம்பியன் ஆனார். கிருஷ்ணனின் சர்வீஸில் பலம் குறைவு. அவருடைய பலம் தொடுகை: எதிராளியின் வேகத்தையே வாங்கிக் கோணத்தில் திருப்புவது, காலடியில் விழும் பந்தை அரை வாலியாக எடுப்பது. 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வீழ்த்தினார். அவரைத் தடுத்தவர்கள் 1960 அரையிறுதியில் நீல் ஃபிரேசர், 1961 அரையிறுதியில் ராட் லேவர். இருவரும் இடக்கை ஆட்டக்காரர்கள், இருவரும் அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள். கோஷேயின் வழியில் வந்த ஒருவர், சர்வீஸும் வாலியும் கோலோச்சிய காலத்தில் இவ்வளவு தூரம் வந்ததை, ஒரு பட்டத்துக்குக் குறையாத சாதனையாகவே கருதுகிறேன். அவர் மகன் ரமேஷ் 1979இல் சிறுவர் பட்டம் வென்று, 1986இல் காலிறுதிவரை சென்றார். அடித்து நொறுக்கும் காலத்திலும் அதே தொடுகை. விஜய் அமிர்தராஜ் 1973 காலிறுதியில் ஐந்தாவது செட்டில் 5-7 என்று யான் கோடெஷிடம் தோற்றார். கோடெஷ்தான் அந்த ஆண்டின் சாம்பியன்.

தரம் பற்றிப் பேசும்போது ஒரு வேதனையையும் சொல்லியாக வேண்டும். 1967 வரை காசு வாங்கி ஆடுபவர்களுக்கு இந்தப் போட்டியில் இடம் இல்லை. லேவர் 1961, 1962 இரண்டிலும் வென்றார். தொழில்முறைக்குப் போனதால் அடுத்த ஐந்து ஆண்டுகள் வெளியே நின்றார். 1968இல் கதவு திறந்ததும் வந்து வென்றார், மறு ஆண்டும் வென்றார். நடுவில் போன ஐந்து ஆண்டுகளை எந்தப் பட்டியலில் எழுதுவது? அப்படியே தொழில்முறைக்குப் போன பாஞ்சோ கொன்சாலஸ் பெயர் பட்டியலில் இல்லவே இல்லை. கென் ரோஸ்வால் நான்கு இறுதியாட்டங்கள் ஆடினார், முதலாவது 1954இல், கடைசி 1974இல், ஒன்றும் கைகூடவில்லை. இவர்களை விட்டுவிட்டு விம்பிள்டன் தரத்தை அளப்பவர் பாதியைத்தான் அளக்கிறார். காசு வந்தபோதும் சமமாக வரவில்லை. 1968இல் ஆண்கள் சாம்பியனுக்கு 2,000 பவுன், பெண்கள் சாம்பியன் பில்லி ஜீன் கிங்குக்கு 750. சமமான பரிசு 2007இல்தான் வந்தது. அதற்காகக் குரல் கொடுத்த வீனஸ் வில்லியம்ஸே அந்த ஆண்டு வென்றார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

1970களில் பதில்கள் வெவ்வேறு திசையிலிருந்து வந்தன. 1975 இறுதியில் ஆர்தர் ஆஷ், வேகத்தை உண்டு வாழும் ஜிம்மி கானர்ஸுக்கு வேகமே கொடுக்காமல், மெதுவான தாழ்ந்த பந்துகளாகவே போட்டு வென்றார். சிந்தனையால் வென்ற இறுதியாட்டம் என்று ஒன்றைச் சொன்னால் அது இதுதான். அடுத்த ஆண்டிலிருந்து பியோர்ன் போர்க். களிமண் தரையில் வளர்ந்த, சுழற்றி அடிக்கும் பேஸ்லைன் ஆட்டக்காரர் புல்லில் ஐந்து முறை தொடர்ந்து வென்றார். புல்லில் அவர் முதல் சர்வீஸுக்குப் பின் வலைக்கு வரவும் பழகிக்கொண்டதைப் பலர் மறக்கிறார்கள். 1980 இறுதியில் நான்காவது செட் டைபிரேக்கரை மெக்கன்ரோவிடம் 16-18 என்று இழந்தும், ஐந்தாவதை 8-6 என்று எடுத்தார். மறு ஆண்டு மெக்கன்ரோவின் முறை.

முன்னேறி ஆடும் பாணியின் உச்சம் எது என்று கேட்டால், ஆண்கள் பக்கம் பார்க்காமல் மார்ட்டினா நவ்ரத்திலோவாவைச் சொல்வேன். ஒன்பது பட்டங்கள், 1982 முதல் 1987 வரை தொடர்ந்து ஆறு. இடக்கை சர்வீஸ் வெளியே வளைந்து போகும், அவர் அதற்குள் வலையில் இருப்பார். 1988 இறுதியில் அதற்குப் பதில் வந்தது. ஸ்டெஃபி கிராஃப் முதல் செட்டை 5-7 என இழந்து, அடுத்தவற்றை 6-2, 6-1 என வென்றார். தாழ்ந்து வழுக்கும் பேக்ஹேண்ட் ஸ்லைஸும் அதிவேக ஃபோர்ஹேண்டும் சேர்ந்த அந்த ஆட்டம் ஏழு பட்டங்கள் தந்தது.

ஆண்கள் தரப்பில் 1985இல் 17 வயது பெக்கர் தரவரிசை ஒதுக்கீடு இல்லாமல் வந்து வென்றதிலிருந்து 2001 வரை, சர்வீஸின் காலம். எட்பெர்க், சாம்ப்ராஸ், கிராய்செக், இவானிசெவிச். 1992இல் பேஸ்லைனிலிருந்தே வென்ற அகாசி மட்டும் விலக்கு. லெண்டில் புல்லுக்காகத் தம் இயல்பை மாற்றி வலைக்கு வந்து பார்த்தார். 1986, 1987 இறுதிகளில் தோற்றார். சாம்ப்ராஸ் எட்டு ஆண்டுகளில் ஏழு முறை வென்றது அந்தப் பாணியின் முழுமை. புள்ளிகள் மூன்று நொடியில் முடிகின்றன என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு அலுக்கவில்லை. இரண்டாவது சர்வீஸின் பின்னாலும் ஓடி வர எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

பிறகு தரையே பேசத் தொடங்கியது. 2001 போட்டிக்குப் பழைய கலப்புப் புல் போய், முழுவதும் ரை புல் வந்தது. நீடித்து உழைப்பதற்காக மாற்றினார்கள். 8 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டுகிறார்கள். அடியில் மண் இறுகியது, பந்து நேராகவும் உயரமாகவும் எழும்பியது. அதே காலத்தில் மட்டைகளில் வந்த பாலியஸ்டர் நரம்புகள் சுழற்சியைக் கூட்டின. வலைக்கு வருபவரின் காலடியில் பந்து சரிந்து விழுந்தது. 2002 இறுதியில் மோதிய ஹியூவிட், நல்பாண்டியன் இருவரும் பேஸ்லைன்காரர்கள். ஃபெடரரே இரு காலத்துக்கும் பாலம்: 2001இல் சாம்ப்ராஸை வீழ்த்தியபோதும், 2003இல் முதல் பட்டம் வென்றபோதும் சர்வீஸுக்குப் பின் ஓடி வந்தவர், பின்னாளில் பெரும்பாலும் பின்னாலேயே நின்று மொத்தம் எட்டுப் பட்டங்கள் சேர்த்தார். அவரை 2008இல் 9-7 என்ற ஐந்தாவது செட்டில் நடால் வீழ்த்தியது களிமண் பாணியின் வெற்றி. 2019இல் 13-12 என்று, இரண்டு வெற்றிப் புள்ளிகளைத் தடுத்து ஜோகோவிச் வென்றது திருப்பி அடித்தலின் வெற்றி. ஜோகோவிச்சுக்கும் ஏழு பட்டங்கள்.

ஆக, ஏழு என்ற எண் ரென்ஷாவிடம் ஒன்று, சாம்ப்ராஸிடம் இன்னொன்று, ஜோகோவிச்சிடம் வேறொன்று. தரையோடு ஒத்துப்போன பாணியில் வென்றவர்களை மதிக்கிறேன். தரைக்கு எதிராகச் சென்று வென்ற போர்க், ஆஷ், அகாசி ஆகியோரை ஒருபடி மேலே வைப்பேன். இன்றைய தரையில் அந்த எதிர்த்திசை வலையின் பக்கம் இருக்கிறது.

பெண்கள் பட்டம் 2017 முதல் 2025 வரை நடந்த எட்டுப் போட்டிகளில் எட்டுப் பேரிடம் போயிருக்கிறது. 2021இல் ஆஷ்லி பார்ட்டி, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வென்ற இவான் கூலகாங்கின் உடையை நினைவூட்டும் உடையில் வந்து, பழைய ஸ்லைஸை மறுபடி பட்டம் வெல்ல வைத்தார். 2025இல் களிமண்ணின் அரசியான ஷ்வியான்டெக் இறுதியை 6-0, 6-0 என்று 57 நிமிடங்களில் முடித்தார். அப்படியோர் இறுதி அதற்கு முன் நடந்தது 1911இல், சேம்பர்ஸின் கையால். ஆண்களில் அல்கராஸ் 2023, 2024 இரண்டிலும் ஜோகோவிச்சை வென்றபோது டிராப் ஷாட்டால் அவரை முன்னுக்கு இழுத்தார், வாய்த்தபோது சர்வீஸுக்குப் பின் தாமே முன்னுக்கு ஓடினார். 2025 இறுதியில் சின்னர் முதல் செட்டை இழந்தும், அடுத்த மூன்றையும் 6-4 என்றே எடுத்து, பேஸ்லைனிலிருந்து ஆழமாக அடித்து அவரை அங்கேயே கட்டிப்போட்டு, இத்தாலிக்கு முதல் ஒற்றையர் பட்டம் வாங்கித் தந்தார். அல்கராஸின் பதிலை நான் வலையருகேதான் எதிர்பார்க்கிறேன்.