மருத்துவரை ஏற்றவர்கள் கொள்கையை ஏற்றார்களா?

தெலுக் இந்தானைச் சூழ்ந்த தோட்டங்களின் வழிவந்த மாணவன், மலேசிய சோசலிசக் கட்சியை ஒரு தேர்தல் செய்தியாகவே அறிவான். பேராக் தமிழர் வரலாற்றை எழுதுவோர் பெருங்கட்சிகளின் வாசலிலேயே நின்றுவிடுவதன் விளைவு அது.

1998-இல் தோன்றிய இக்கட்சிக்குப் பதிவு கிடைத்தது 2008-இல்தான். இடைப்பட்ட பத்தாண்டும் மறுப்பிலும் வழக்கிலும் கழிந்தன. எனினும் அதன் வேர், சுங்கை சிப்புட் தோட்டத் தொழிலாளரிடையே இயங்கிய ‘அலைகள்’ போன்ற குழுக்களில் உள்ளது. மாதச் சம்பளம், தோட்டம் கைமாறும்போது குடியிருக்க வீடு ஆகியனவே அதன் அரிச்சுவடி. மார்க்சைப் படித்தோர் சிலர். மாதச் சம்பளம் கேட்டோரோ பலர்.

2008-இல் மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜ், ம.இ.கா. தலைவர் சாமிவேலுவைச் சுங்கை சிப்புட்டில் வென்றார்; 2013-இலும் அத்தொகுதியைத் தக்கவைத்தார். இருமுறையும் அவர் நின்றது மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில். 2018-இல் சொந்தச் சின்னத்தில் நின்றார், தோற்றார். ஆட்சி மாற்ற அலையில் மூன்றாமவருக்கு இடமில்லாது போயிற்று என்பர். அது பாதி உண்மையே. தன் தொண்டினைக் கொள்கையாக மக்கள் மனத்தில் ஊன்றத் தவறியது கட்சியின் குறை. வீட்டுரிமைக்காகத் தொழிலாளரோடு நின்ற ஆண்டுகளை வாக்குப்பெட்டி கொண்டு மட்டுமே அளப்பது திறனாய்வாளர் குறை.

2025 ஏப்ரலில், தெலுக் இந்தானுக்கு அண்மையிலுள்ள ஆயர் கூனிங் சட்டமன்ற இடைத்தேர்தலிலும் அக்கட்சி தனித்து நின்று தோற்றது.