கண்ணாடிப் பெட்டியும் அப்பாவின் பெருவிரலும்

வி.எஸ். ராமச்சந்திரனின் 'ஃபேண்டம்ஸ் இன் த பிரெயின்' (1998, சான்ட்ரா பிளேக்ஸ்லீயுடன் எழுதியது) புத்தகத்தை மூணாவது தடவை படிச்சு முடிச்சேன். முதல் ரெண்டு தடவை ரசிகனாக. இந்தத் தடவை கொஞ்சம் கோபத்தோட.

மனுஷன் எழுதுவது நாங்க ஆபீஸ்ல பக் பிடிக்கிற மாதிரியே இருக்கும். விபத்தில் கையை இழந்த டாம் என்ற 17 வயசுப் பையன். கண்ணைக் கட்டிவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தைத் தொடுகிறார். இல்லாத கட்டைவிரலையும் தொடுவதாகப் பையன் சொல்கிறான்! மூளையில் உள்ள உடல் வரைபடத்தில் முகமும் கையும் பக்கத்து வீடு. கையிலிருந்து சிக்னல் வராமல் காலியான இடத்தில் முகம் குடியேறிவிட்டது. டாமின் கதைக்கு விடை வேணும்னா நாம வரைபடத்தைப் படிச்சே ஆகணும். பாடப்புத்தகம் செய்யாத வேலை இது.

அடுத்து கண்ணாடிப் பெட்டி. இங்கேதான் எனக்குச் சொந்தக் கணக்கு இருக்கு. சர்க்கரையால் அப்பாவுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாங்க. இல்லாத பெருவிரல் எரியுதுன்னு ராத்திரியெல்லாம் தூங்க மாட்டார். புத்தகத்தை நம்பி ஆளுயரக் கண்ணாடி வாங்கி, கட்டிலில் ரெண்டு காலுக்கும் நடுவில் நிறுத்தினேன். ரெண்டு நாள் எரிச்சல் குறைஞ்சுது. மூணாம் நாள் திரும்பி வந்துடுச்சு.

"ஏண்டா, உன் டாக்டர் வேற என்ன எழுதியிருக்கார்?" என்றார் அப்பா. (ரொம்ப முடியாத ராத்திரியில் இன்னமும் அந்தக் கண்ணாடியைத்தான் கேட்பார், அதையும் சொல்லணும்.)

மறுபடி புரட்டினப்போதான் கண்ணில் பட்டது. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோன பிலிப்புக்கு மூணு வாரத்தில் மாயக் கை மறைந்தது, முழங்கை வலியும் போனது. ஆனா விரல்கள் மட்டும் தோளிலிருந்து தொங்கிக்கொண்டு நின்றன, அந்தத் தொந்தரவு தீரல. ராமச்சந்திரன் ஒளிக்கல. கதை வேகத்தில் நான்தான் தாண்டிப் போயிருக்கேன்.

ஆனா முழுப் பழியையும் நான் ஏத்துக்க மாட்டேன். சோதித்துப் பார்த்ததையும் ஊகத்தையும் இவர் கிட்டத்தட்ட ஒரே உற்சாகக் குரலில் சொல்றார். 2011-இல் வந்த 'த டெல்-டேல் பிரெயின்' படிச்சா இது பளிச்சுன்னு தெரியும். இத்தாலியின் பார்மா நகரில் மக்காக் குரங்குகளிடம் கண்டுபிடிச்ச கண்ணாடி நியூரான்களை வைத்து மொழி, பண்பாடு, ஆட்டிசம் வரைக்கும் ஓடுகிறார். ஒரு யூனிட் டெஸ்ட் பாஸ் ஆனதும் ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்புற கதை.

ஆலிவர் சாக்ஸிடம் இந்தத் தொல்லை குறைவு. மனைவியின் தலையைத் தொப்பின்னு பிடிச்ச இசை ஆசிரியரை அவர் குணப்படுத்துறதில்லை. அந்த ஆள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே உடுத்துவதையும் சாப்பிடுவதையும் எழுதுகிறார், அவ்வளவுதான்.

கிரகரி ஹிக்கோக்கின் 'த மித் ஆஃப் மிரர் நியூரான்ஸ்' (2014) மேசையில் இருக்கு. படிச்சுட்டு எழுதறேன்.