இரு புனைபெயர்களும் ஒரு மாதச் சம்பளமும்: வாண்டுமாமாவின் எழுத்துத் தொழில்

தமிழ்ச் சிறுவர் இலக்கியம் பற்றிய ஆய்வேடுகளுள் பெரும்பாலானவை கதைகளில் பொதிந்துள்ள அறக்கருத்துகளைத் தொகுத்து வகைப்படுத்துவதோடு நின்றுவிடுகின்றன. அக்கதைகள் யாருடைய அச்சகத்திற்காக, எத்தனை பக்க வரம்புக்குள், எந்த ஊதியத்திற்கு எழுதப்பட்டன என்னும் வினா அவற்றுள் எழுவதில்லை. வாண்டுமாமா என அறியப்பெற்ற வி. கிருஷ்ணமூர்த்தியின் (1925–2014) எழுத்து வாழ்வை இவ்வினா இன்றி விளங்கிக்கொள்ள இயலாது. தம் தன்வரலாற்றுக்கு அவர் இட்ட பெயரே ‘எதிர்நீச்சல்’ என்பதாகும். சிறுவர்க்கு மாயமும் மந்திரமும் எழுதிய ஒருவர் தம் வாழ்வுக்குத் தேர்ந்த உருவகம் நீரோட்டத்தை எதிர்த்துக் கைவீசும் உழைப்பாளியினுடையது.

புதுக்கோட்டைப் பகுதியைச் சேர்ந்த அரிமளத்தில் பிறந்த அவர் இதழ்ப்பணி பழகிய களம் திருச்சிராப்பள்ளி. அன்றைய திருச்சி வெறும் மாவட்டத் தலைநகரன்று. 1939இல் வானொலி நிலையம் பெற்ற ஊர்; திருலோக சீதாராமின் ‘சிவாஜி’ இதழ் வெளிவந்த ஊர். ஸ்ரீரங்கத்தில் இளைஞர்கள் கையெழுத்து இதழ் நடத்தினர். பின்னாளில் திரைப்பாடலாசிரியரான வாலி அவ்வாறு நடத்திய ‘நேதாஜி’ நன்கறியப்பட்டது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவின் முதற்கதை ‘சிவாஜி’யில்தான் அச்சேறியது. கையெழுத்து இதழில் ஒருவரே கதை எழுதி, படம் வரைந்து, தலைப்பெழுத்துத் தீட்டி, பக்கத்தையும் நிரப்ப வேண்டும். கதை, துணுக்கு, புதிர், சித்திரக்கதை, அறிவியற் கட்டுரை என எதையும் மறுக்காத வாண்டுமாமாவின் பல்துறைத் திறனை இச்சூழலோடு பொருத்திக் காண்பது தகும். அதனைத் தனிமனித மேதைமை என்று மட்டும் கூறுவது போதாது.

பெரியவர்களுக்குக் ‘கௌசிகன்’, சிறுவர்க்கு ‘வாண்டுமாமா’ என்னும் பெயர்ப் பகுப்பும் தொழில்சார்ந்ததே. வரலாற்றுப் புதினமான ‘பாமினிப் பாவை’யை எழுதியவரும் ‘பலே பாலு’வைப் படைத்தவரும் ஒருவரே என்பதைப் பல வாசகர் அறிந்ததில்லை. உறவுப்பெயர் சூடிய எழுத்தாளரிடம் குழந்தைகள் எளிதில் நெருங்குவர். திறனாய்வாளர் அதே எளிமையோடு விலகிச் செல்வர். இப்பெயர் தேடித் தந்த புகழும் பறித்துக்கொண்ட மதிப்பும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன எனலாம்.

சமகாலத்தவரான அழ. வள்ளியப்பாவோடு ஒப்பிட்டால் இத்தொழில் நிலை தெளிவுறும். வள்ளியப்பா வங்கிப் பணியில் இருந்துகொண்டே பாடல் எழுதினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முன்னின்றார். அவருடைய வருவாய் அடுத்த இதழின் பக்கத்தைச் சார்ந்திருக்கவில்லை. வாண்டுமாமாவுக்கோ இதழ் அலுவலகமே வயிற்றுப்பாடு. கல்கி நிறுவனம் 1972இல் தொடங்கிய ‘கோகுலம்’, 1984இல் தோன்றிய ‘பூந்தளிர்’ ஆகியவற்றில் அவர் கைபடாத பக்கம் அரிது. பெயரின்றி எழுதப்பட்ட குறிப்புகளை எந்த நூற்பட்டியலும் கணக்கில் கொள்வதில்லை.

‘பூந்தளிர்’ இங்குச் சற்று விரிவாகக் கருதத்தக்கது. அனந்த் பையின் ‘டிங்கிள்’ சித்திரக்கதைகள் அதில் தமிழாக்கம் பெற்றன. ‘காலியா’ என்னும் காக்கை ‘காக்கை காளி’ ஆயிற்று. ‘ஷிகாரி ஷம்பு’ ‘வேட்டைக்கார வேம்பு’ ஆனான். மூலப்பெயரின் ஓசையியைபு கெடாமல், ஊர்ப்பக்கத்துப் பெயர் போலவே ஒலிக்கும் ஆக்கங்கள் இவை. பேச்சுக்குமிழின் அளவுக்குள் அடங்க வேண்டும் என்னும் நெருக்கடியில் விளைந்த இச்சொல்லாட்சி, ‘மொழிபெயர்ப்பு’ எனத் தனியே மதிப்பிடப்படவில்லை. குழந்தைகள் அப்பாத்திரங்களைத் தம்மூரார் என்றே எண்ணினர். மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிடப் பெரிய வெற்றியும் இல்லை, இதைவிட முழுமையான மறதியும் இல்லை.

உரிமை பற்றிய சிக்கலும் இதனோடு இணைந்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, இதழ் நிறுவனத்தின் ஊழியர் பணியின்போது எழுதிய படைப்பில், மாற்று ஒப்பந்தம் இல்லாதவிடத்து, இதழ்களில் வெளியிடும் உரிமையே நிறுவனத்துக்கு உரியது; நூலாக்கம் உள்ளிட்ட பிற உரிமைகளின் முதல் உடைமையாளர் எழுத்தாளரே. சட்டம் இவ்வளவு தாராளமாக இருந்தும், சிறுவர் எழுத்தாளர்க்கு அது நடைமுறையில் பெரிதும் பயன்பட்டதாகக் கூற இயலாது. சித்திரக்கதையில் எழுத்தாளர், ஓவியர் இருவர் உழைப்பும் பிரிக்கவியலாதவை. ஓவியர் செல்லத்தின் கோடுகள் இன்றி வாண்டுமாமாவின் சித்திரக்கதைகளை நினைத்துப் பார்க்க முடியாது. பக்கத்தை எண்ணி விலை வைக்கும் நூற்சந்தையிலோ படம் செலவாகவே தோன்றும், உரைநடை மட்டுமே சரக்காகும்.

சாகித்திய அகாதெமி சிறுவர் இலக்கியத்திற்கென ‘பால சாகித்திய புரஸ்கார்’ விருதை 2010இல்தான் வழங்கத் தொடங்கியது. அப்போது வாண்டுமாமாவுக்கு எண்பத்தைந்து வயது. விருது கிட்டாமை ஒருபுறம் இருக்க, ஆய்வாளர் உடனே செய்யத்தக்க பணி வேறு. ‘கௌசிகன்’, ‘வாண்டுமாமா’ என இரு பதிவுகளாக நூலக அட்டவணைகளில் பிரிந்து கிடக்கும் நூல்களை ஒருவர் பெயரின்கீழ்க் கொணர்தல் வேண்டும். ‘பூந்தளிர்’, ‘கோகுலம்’ தொகுதிகளை இதழ்வாரியாகப் பார்த்து, பெயர் குறிக்கப்பெறாத பக்கங்களை நடை, சொல்லாட்சி, புதிர் அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு இனங்காணுதல் வேண்டும். தனியார் சேகரிப்புகளில் உள்ள பழைய இதழ்த் தாள்கள் பழுத்து நொறுங்கத் தொடங்கிவிட்டன.