'கல்வி' என்கிற செலவினம்

லாபி என்றதும் நம் தோழர்கள் பெட்டியைத் தேடுகிறார்கள். எங்கே கைமாறியது, வாங்கினது யார்? பெட்டி அகப்படாவிட்டால் விவகாரம் முடிஞ்சுபோச்சு. எனக்கு இந்தப் பார்வையில் சம்மதமில்லை.

என்ரானை எடுத்துக்கொள்வோம். மகாராஷ்டிரத்தின் தாபோல் மின்திட்டத்தில், இந்தியர்களுக்குக் 'கல்வி' புகட்டவும் திட்டத்தை உருவாக்கவும் ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவழித்தோம் என்று அதன் அதிகாரி லிண்டா பவர்ஸ் 1995இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவொன்றின் முன் சாட்சியம் சொன்னார். லஞ்சம், லஞ்சம் என்று இங்கே ஒரே கூச்சல். முறையான செலவுதான் என்றது கம்பெனி.

கம்பெனி சொன்னது நிசம் என்றே வைத்துக்கொள்ளுங்களேன். அப்போதுதான் விஷயம் இன்னும் மோசம். லஞ்சம் வாங்கினவனுக்குத் தான் செய்வது தப்பு என்றாவது தெரியும். கற்பிக்கப்பட்டவனுக்கு அதுவும் தெரியாது. எது நட்டம், எது நியாயமான லாபம் என்பதையெல்லாம் கம்பெனியின் சொல்லாடலுக்குள் நின்றே யோசிக்கப் பழகிவிடுகிறான். ஒப்பந்தத்தைப் பாருங்கள்: மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மின்வாரியம் பணம் கட்ட வேண்டும். டாலர் ஏறினால் அதுவும் வாரியத்தின் தலையில். மாநிலம் கட்டத் தவறினால் மத்திய அரசு ஈடு நிற்கும். இதற்குப் பேர் தனியார் மூலதனத்தின் துணிச்சலாம்! கட்டுப்படியாகாது என்று 1993இல் உலக வங்கியே கடன் தர மறுத்த திட்டம் இது. (உலக வங்கியை நான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறதே, காலக்கொடுமை.)

என்ரானைக் கடலில் தள்ளுவோம் என்று ஓட்டுக் கேட்ட சிவசேனா - பாஜக கூட்டணி 1995இல் திட்டத்தை ரத்து செய்தது. 1996இல் அதுவே மறுபடி பேசி ஒப்புக்கொண்டது. அதே வருஷம் 13 நாள் மட்டுமே நீடித்த வாஜ்பாய் அரசு, வேறெதற்கும் நேரமில்லாத அந்த அரசு, ஈட்டுறுதிக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டுப் போனது. மாணவர்கள்தான் மாறினார்கள். 2001இல் ஆலை நின்றது, அந்த வருஷமே என்ரானும் திவாலானது.

வேல்தூர் மீனவப் பெண்களும் அரசுக்கு ஏதோ சொல்லத்தான் பார்த்தார்கள். கடல் கெட்டால் மீன் ஏது என்பதுதான் அவர்கள் பாடம். 1997 ஜூனில் போலீஸ் வீடு புகுந்து அடித்தது. இதை 1999இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. திட்டத்தைக் காத்து நின்ற போலீசுக்கான செலவைக் கம்பெனிதான் அரசுக்குக் கொடுத்தது என்கிறது அதே அறிக்கை. கணக்கில் அதை எந்தத் தலைப்பில் எழுதிக்கொண்டார்களோ.